எம்.ஜி.ஏ. போன பிறகு கொட்டகைக்கு வந்த வண்டி

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் இருபத்தொன்பது வருடம் ஒரு எம்.ஜி.ஏ. நின்றது. 1958-ல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை. கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கம்பியை இழுத்தால்தான் திறக்கும். 2023 பிப்ரவரியில் அதை விற்றேன். அதன் இடத்துக்கு வேறொரு வண்டியைத் தேடி ஏறக்குறைய ஒரு வருடம் அலைந்தேன், நடுவில் ஒரு தப்பும் செய்தேன். இதே நிலையில் இருக்கிறவர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

அந்த வண்டியை நான் துணிந்து வாங்கியதற்குக் காரணம் அம்பாசடர். 1994-ல் தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டின் கார் கொட்டகையில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் அது நின்றதைப் பார்த்தேன். இங்கே யார் இதற்கு வேலை பார்ப்பார்கள் என்று பயம். காரைக்குடியில் எங்களுக்குத் தெரிந்த அம்பாசடர் மெக்கானிக் பாயை அழைத்துப் போனேன். பானெட்டைத் தூக்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "தம்பி, இது நம்ம அம்பாசடர் இஞ்சின்தான். கார்புரேட்டர் மட்டும் ரெண்டு போட்டிருக்கான்." அவர் சொன்னது பெருமளவு உண்மை. இரண்டும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி-சீரிஸ் இஞ்சின் குடும்பம், இரண்டும் 1489 சி.சி. தான். எம்.ஜி.ஏ.வில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரோடு 72 குதிரைத்திறன் வரை வந்தது. ஹெட் கேஸ்கெட், பாயின்ட், கண்டன்சர் என்று பலவற்றை மதுரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலேயே வாங்கி ஓட்டியிருக்கிறேன்.

தரை மரத்தால் ஆனது. ஆம், எம்.ஜி.ஏ.வின் தரை பிளைவுட் பலகை. அது மக்கிப் போயிருந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், இடித்த வீடுகளின் சாமான் விற்கும் கடையில் பர்மா தேக்குத் துண்டுகளை எடுத்து வந்தேன். எங்கள் ஊர் ஆசாரி அதை இழைத்துப் பொருத்திக் கொடுத்தார். கடைசி நாள்வரை அந்தப் பலகை அசையவில்லை.

அடிச்சட்டத்தைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. நான் வேலை பார்த்தது காரைக்குடி சிக்ரியில், உலோகம் துருப்பிடிப்பதை ஆராயும் அரிமானப் பிரிவில். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. ராமேஸ்வரத்துக்கு முன்னால் கடலோரம் இருக்கும் மண்டபம் ஊரில், எங்கள் சோதனை மையத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி வைப்போம். சாதாரண எஃகு அங்கே எவ்வளவு சீக்கிரம் செதில் செதிலாக உதிரும் என்பதைப் பார்த்துப் பார்த்து, வண்டி வாங்கும்போது முதலில் தரையில் படுத்து அடியைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நம் பக்கத்து வறண்ட வெயில் பெயின்டைக் கெடுக்கும், ரப்பரைக் கெடுக்கும். ஆனால் இரும்புக்கு நல்லது.

பிறகு ஏன் விற்றேன்? பாய் கடையை மூடிவிட்டார், அவருக்குக் கண் சரியில்லை. எனக்கு இடது தோள் இறுகிப் போனது. அந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பூஸ்டர் இல்லை, கியரை உரசாமல் விழவைக்கும் சின்க்ரோமெஷ் முதல் கியருக்கு இல்லை. கடைசி வருடங்களில் பெட்ரோல் குழாய்களின் ரப்பர் மெத்தென்று ஆகிக் கசிய ஆரம்பித்தது. பெட்ரோலில் எத்தனால் கூடக் கூட, அந்தக் காலத்து ரப்பரும் கார்க் கேஸ்கெட்டும் தாங்காது. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், ஓடாமல் நிற்கிற வண்டிக்கு அது இன்னும் கெடுதல். 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்கான விதியும் வந்தது. ஐம்பது வருடம் கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டியை அப்படிப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம், அன்றாட ஓட்டத்துக்கு இல்லை. எனக்கு அது ஓட்டுகிற வண்டியாகத்தான் வேண்டியிருந்தது. பையன் தொலைபேசியில் சொன்னான்: "அப்பச்சி, நின்னு நின்னே அது வீணாப் போயிரும். ஓட்டுறவன் கையில குடுத்துருங்க." அவன் சொன்னதில்தான் முடிவெடுத்தேன்.

விற்பது பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். வாங்கியவர் கோயம்புத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிற முப்பத்தைந்து வயதுக்காரர். அதிக விலை சொன்னவர் வேறொருவர். அவர் வண்டியின் அடியைப் பார்க்கவே இல்லை, கூடத்தில் நிறுத்தி வைக்கப் போவதாகச் சொன்னார். லேத் பட்டறைக்காரர் வந்தவுடன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் புகுந்தார். இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கி, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளையும் கழற்றி மாட்டப் பழகினார். பாசிட்டிவ் எர்த் வண்டி அது, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு சேரும். தெரியாமல் மாற்றிக் கொடுத்தால் வேலை கெட்டுவிடும். சேர்த்து வைத்திருந்த உதிரிப் பாகங்கள், என் கைக்குறிப்பு, பழைய கார்புரேட்டர் ஊசிகள் எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன்.

இன்னொன்று காகிதம். பாசத்தில் இருக்கும்போது இதில்தான் அசந்துவிடுவோம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உரிய இடங்களில் கையெழுத்திட்டு, ஒப்படைத்த தேதியும் மணியும் எழுதிய ரசீதில் சாட்சிக் கையெழுத்தும் வாங்குங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை, அந்த வண்டி எங்கேயாவது யாரையாவது இடித்தால் நம் பெயருக்குத்தான் நோட்டீஸ் வரும். பரிவாகன் தளத்தில் புதுப் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். முழுக் காப்பீடு வைத்திருந்து கிளெய்ம் எதுவும் வாங்காமல் இருந்தால், அதற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். எனக்கு 50 சதவீதம் இருந்தது. கேட்காமல் விட்டிருந்தால் போயிருக்கும்.

வண்டி போன அன்று கொட்டகைத் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஒரு வாரம் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

தப்பு அதற்கு அடுத்த மாதம் நடந்தது. வெறும் கொட்டகையைப் பார்க்க முடியாமல், ஸ்போர்ட்ஸ் கார் போன இடத்தில் வேகமான வண்டிதான் வர வேண்டும் என்று நினைத்துவிட்டேன். ஒரு ஐரோப்பிய நிறுவனத்தின் டர்போ செடான், ஆட்டோமேட்டிக், 150 குதிரைத்திறன், இரண்டு வருடம் ஓடியது. எம்.ஜி.ஏ.வைப் போல இரண்டு மடங்கு பலம். திருமயம் சாலையில் முதல் நாள் காலை ஓட்டினேன். நூறைத் தொட்டது, எனக்கு எதுவும் தெரியவில்லை. ஏ.சி. ஓடியது, பாட்டு ஓடியது, சாலை எங்கோ கீழே ஓடியது. ஆறாவது மாதம் கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்து, சர்வீஸில் மூன்று வாரம் நின்றது. டிசம்பரில் 1,40,000 ரூபாய் நஷ்டத்துக்கு விற்றேன். வண்டி கெட்டது என்று சொல்ல மாட்டேன். மதுரைக்கும் திருச்சிக்கும் தினம் போகிறவர்களுக்கு அது நல்ல வண்டி. துக்கத்தில் இருக்கும்போது வாங்கியது என் பிழை. மூன்று மாதமாவது கொட்டகை காலியாகக் கிடக்கட்டும் என்று விட்டிருக்க வேண்டும்.

அப்புறம்தான் என் பெட்ரோல் நோட்டை எடுத்தேன். தேதி, ஊற்றிய லிட்டர், கிலோமீட்டர், போன இடம், கூட வந்தது யார் என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைப்பது என் வழக்கம். கடைசி மூன்று வருடத்தில் 61 தடவை வண்டியை எடுத்திருக்கிறேன். அதில் 52 தடவை போன இடம் திருமயம். 44 தடவை காலை ஏழு மணிக்கு முன்னால் திரும்பிவிட்டேன். கூரையைத் திறந்துகொண்டு ஊர் சுற்றுவதாக மனதில் ஒரு படம் இருந்ததே தவிர, பங்குனி பிறந்தால் ஒன்பது மணிக்கு மேல் நம் ஊரில் திறந்த வண்டியில் உட்கார முடியாது. நோட்டில் இருந்தது வேறு ஆள். விடிவதற்கு முன் எழுந்து, போக வர முப்பது கிலோமீட்டருக்குள் ஓட்டி, கோட்டை அடியில் டீ குடித்துவிட்டு, வெயிலுக்கு முன் வீடு திரும்புகிறவர். அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதவர். அவருக்குத்தான் வண்டி வேண்டும்.

என் மனைவியிடம் கேட்டேன்: "உனக்கு அந்த வண்டியில எது ஞாபகம் இருக்கு?" கூரை, காற்று என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது இது: "கோட்டைக்கு முன்னாடி அந்த வளைவு வருமே, அங்க நீங்க கியரை இறக்குறப்ப பேச்சை நிறுத்திருவீங்க. இறக்கி முடிச்சதும் விட்ட எடத்துல இருந்து பேசுவீங்க."

திருமயம் கோட்டை 1687-ல் சேதுபதி கட்டியது. குன்றின் மேல் அது தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் நாலிலிருந்து மூன்றுக்கு இறக்க, கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, ஆக்சிலரேட்டரைச் சற்றே தட்டி, மறுபடி மிதித்துப் போடுவேன். சரியாக விழுந்தால் கையில் ஒரு 'டொக்' வரும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இருபத்தொன்பது வருடம் விடிகாலையில் எழுந்தேன் என்பது அவள் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. எனக்குக் கைக்கியர் வேண்டும். வண்டி இலேசாக இருக்க வேண்டும். அறுபதிலேயே வேலை கொடுக்க வேண்டும். இத்தனை நாள் போனதை எல்லாம் "அந்த வண்டி" என்ற ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருந்தது மூன்று சாமான்.

இதற்குப் பிறகு தேடுவது எளிதானது. ஷோரூம் ஓட்டத்தை நம்பாதீர்கள். அவர்கள் கூட்டிப் போவது பத்து நிமிடம், பகல் பன்னிரண்டு மணிக்கு, அவர்கள் சாலையில். சொந்தக்காரர், சிநேகிதர் வண்டிகளை ஒரு காலைக்குக் கேட்டு வாங்கி, என் சாலையில் என் நேரத்தில் ஓட்டினேன். பக்கத்தில் மனைவி. ஒவ்வொரு வண்டியிலும் இருவரும் பத்து தடவை ஏறி இறங்கிப் பார்த்தோம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இது மிக முக்கியமான சோதனை. இரண்டாவது தடவையில் தெரியாத வலி ஏழாவது தடவையில் தெரியும்.

மஹிந்திரா தார் அப்போது துணிக்கூரையோடு கிடைத்தது என்பதால் ஆசையாக ஓட்டினேன். உயரத்திலிருந்து கண்மாய்க் கரைகளைப் பார்த்துக்கொண்டு போவது அழகுதான். ஆனால் ஒன்றரை டன்னுக்கும் மேல் எடை, வளைவில் அது தெரிகிறது. மாருதி ஜிம்னி எனக்கு மிகவும் பிடித்தது. எம்.ஜி.ஏ. போலவே தனிச் சட்டத்தின் மேல் உடல், குறுகிய அகலம், உண்மையான கைக்கியர். செம்மண் பாதையில் அதைவிட நல்ல துணை கிடையாது. ஏறும்போது என் மனைவியின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதோடு சரி. ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 குதிரைத்திறன், ஆறு கியர், நறுக்கென்று இருந்தது. அதன் சந்தோஷம் எண்பதுக்கு மேல்தான் தொடங்குகிறது. எங்கள் சாலையில் அந்த நேரத்தில் பால் கேன் கட்டிய சைக்கிள்களும், ஆட்டுக் கிடையை ஓட்டிக்கொண்டு போகிறவர்களும் வருவார்கள். அங்கே எண்பது எனக்கு வேண்டாம். ஃபியட்டின் 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோ ஒன்று புதுக்கோட்டையில் விலைக்கு வந்தது. மனது அதிலேயே நின்றது. அந்த நிறுவனம் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது, நான் மறுபடியும் ஒரு பாயைத் தேட வேண்டும். அந்தத் தெம்பு இப்போது இல்லை.

விடை கிடைத்தது பிள்ளையார்பட்டியில். மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, பூ வாங்கி வரச் சொல்லி அவருடைய ஸ்விஃப்ட் சாவியைக் கொடுத்தார். 2019 பெட்ரோல், நாலு சிலிண்டர், கைக்கியர். குன்றக்குடி வரை போய் வந்தேன். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது என்னை அறியாமல் ஆக்சிலரேட்டரைத் தட்டினேன். இஞ்சின் உடனே பதில் சொன்னது. திரும்பி வந்து அவருடைய ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். வண்டியின் வெறும் எடை அதில் போட்டிருக்கும். நீங்களும் பாருங்கள், விளம்பரத்தில் குதிரைத்திறனைப் பெரிதாகப் போடுவார்கள், எடையைத் தேட வேண்டியிருக்கும். ஏறத்தாழ 870 கிலோ. என் எம்.ஜி.ஏ. ஏறத்தாழ 900. அது 72 குதிரைத்திறன், இது 83. ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் வண்டி, நான் ஒரு வருடமாகக் கண்ணெடுத்துப் பார்க்காத வண்டி, காகிதத்தில் என் பழைய வண்டிக்கு உடன்பிறப்பாக இருந்தது.

2024 தொடக்கத்தில் பழைய ஸ்விஃப்ட் ஒன்றைத் தேடினேன். முதலில் பார்த்தது சென்னையிலிருந்து வந்தது, சந்தை விலையைவிட 60,000 குறைவு. முந்தைய டிசம்பரில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளம் சென்னையை மூழ்கடித்திருந்தது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றின் கோடு. இருக்கை தண்டவாளத்தின் அடியில் ஒரே சீரான புதுத் துரு, ஸ்டெப்னி குழியின் மூலையில் மணல், வயர் இணைப்புகளில் பச்சை. செம்பு அரித்தால் அந்தப் பச்சை வரும். அது வந்துவிட்டால் இன்றைக்கு ஓடுகிற வண்டி ஆறு மாதத்தில் எந்த விளக்கை எரியவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. விற்க வந்தவர் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். பெல்ட்டை இழுத்துத் துடைக்கத் தோன்றவில்லை. ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் ஓடிய வண்டியென்றாலும் இதே போல் அடியில் படுத்துப் பாருங்கள். அங்கே துரு சீராக இருக்காது, பற்றவைத்த இடங்களிலும் கல் அடித்த இடங்களிலும் குழி குழியாக இருக்கும்.

நான் வாங்கியது புதுக்கோட்டையில் ஓர் ஆசிரியையின் வண்டி. சர்வீஸ் புத்தகத்தில் எல்லா முத்திரையும் இருந்தது. முந்தின இரவே சொல்லி, காலையில் அவர் எடுப்பதற்கு முன் இஞ்சின் ஆறிய நிலையில் நானே ஸ்டார்ட் செய்தேன். சூடான இஞ்சின் நிறைய மறைக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 1419 என்றால் 2019-ன் பதினாலாவது வாரம். நாலும் ஐந்து வருடத்தை நெருங்கியிருந்தன. பேரம் பேசி அந்தப் பணத்தைக் குறைத்துக்கொண்டு, அதே அளவில் நாலு புது டயர் போட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. எத்தனால் கூடிய பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வர ஆரம்பித்த 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்பதால் பெட்ரோல் குழாய்களை மட்டும் ஒவ்வொரு சர்வீஸிலும் கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

கொட்டகைக்கு இரண்டு தொல்லை. எலி, புது வண்டியின் வயரை ருசி பார்க்கிறது. இரவில் பானெட்டைத் திறந்து வைத்து, ஒரு சின்ன விளக்கைத் தொங்கவிட்டதில் குறைந்திருக்கிறது. இன்னொன்று மயில். கதவில் தன் நிழலைப் பார்த்துக் கொத்தும். குன்றக்குடி முருகன் வாகனத்தை விரட்டக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள், பழைய வேட்டியால் பக்கங்களை மூடி வைக்கிறேன்.

எம்.ஜி.ஏ. ஞாபகம் வராமல் இல்லை. புன்னை எண்ணெய் பூசிய தேக்குப் பலகையும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை எந்த வண்டியிலும் கிடைக்காது, கிடைக்க வேண்டும் என்று இப்போது நான் தேடுவதும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து மாதம் ஒருமுறை போன் வரும். போன மார்கழியில் ஊட்டிக்கு ஏற்றியிருக்கிறார். விடியலில் ஸ்டார்ட் ஆகவில்லை, "சோக்கை எவ்வளவு இழுக்கணும் அண்ணே?" என்று கேட்டார். முழுக்க இழுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரில் காலே வைக்காதீர்கள் என்றேன். போனிலேயே இஞ்சின் பிடிக்கும் சத்தம் கேட்டது. வைத்துவிடாதீர்கள் என்று சொல்லி, சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருபத்தொன்பது வருடத்தில் என் மனைவி அந்த வண்டியை ஓட்டியதே இல்லை. கிளட்ச் அவ்வளவு கனம். இப்போது திருமயம் போகும்போது நான், திரும்பும்போது அவள். கோட்டை வளைவில் பேச்சை நிறுத்துவது அவள் முறை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவதில் இன்னும் கொஞ்சம் அவசரப்படுகிறாள்.